பழைய கண்டியில் இரவு தங்குகிறவர்கள்

கண்டி நகரின் பழைய வீதிகளைப் பற்றி நிறையவே எழுதியாகிவிட்டது. தலதா மாளிகையின் கட்டடக்கலை, பெரஹராவின் ஒழுங்கு, கடைசி அரசனின் வீழ்ச்சி, 1988-இல் கிடைத்த யுனெஸ்கோ உலக மரபுரிமைத் தகுதி, தீராத வாகன நெரிசல் என்று ஒவ்வொன்றுக்கும் நூல்களும் அறிக்கைகளும் உண்டு. அந்த வீதிகளில் குடும்பம் நடத்துவதும், சமைப்பதும், பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்புவதும், இரவில் கதவைச் சாத்திப் படுப்பதும் எப்படியிருக்கும் என்பது மட்டும் எங்கோ ஓரிரு வரிகளோடு நின்றுவிடுகிறது. பழைய நகரம் என்றால் பழைய கட்டடங்கள் என்று நினைக்கப் பழகிவிட்டோம். அங்கே மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும் மனிதர்களை வைத்து அந்த நகரத்தை மதிப்பிட்டுப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

நான் பன்வில பக்கத்தவன். எங்கள் பக்கத்தில் "டவுனுக்குப் போறேன்" என்றால் கண்டிக்குப் போகிறேன் என்று பொருள். பன்விலயிலும் கடைவீதி இருக்கிறது. அரிசி, மாவு, மரக்கறி எல்லாம் அங்கேயே வாங்கலாம். பெரிய ஆஸ்பத்திரி, கல்யாணப் புடவை, உயர்தர வகுப்புக்கு டியூஷன், இந்திய உதவித் தூதரகத்தில் ஓர் அலுவல் என்று வந்துவிட்டால் வத்தேகம வழியாக மலையிறங்கும் பஸ்ஸில் ஏறியாக வேண்டும். மடுல்கெலே, கெலேபொக்க, ஹுலுகங்கைத் தோட்டங்களிலிருந்து அப்படி இறங்கிப் போனவர்களில் பலர் அலுவல் முடிந்து திரும்பிவிடுகிறார்கள். சிலர் கடை வேலைக்குச் சேர்ந்து அங்கேயே தங்கிவிடுகிறார்கள். தங்கிவிடுகிற அந்தச் சிலரின் பக்கத்தில் நின்றுதான் இந்த விஷயத்தைப் பார்க்கிறேன்.

இந்த நகரில் யார் குடியிருக்கலாம் என்பதை எல்லாக் காலத்திலும் அதிகாரமே தீர்மானித்திருக்கிறது. 1660-இல் கண்டி அரசனின் ஆட்களிடம் சிறைப்பட்டு, 19 ஆண்டுகளுக்கு மேல் இராச்சியத்துக்குள் வாழ்ந்த ரொபர்ட் நொக்ஸின் நூல் 1681-இல் வெளிவந்தது. சாதாரணக் குடிகள் மாடி வைக்கக் கூடாது, ஓடு வேயக் கூடாது, சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கக் கூடாது என்ற கட்டுப்பாடுகளை அதில் அவர் பதிவு செய்திருக்கிறார். கண்டிக்கே உரிய அழகு என்று இன்று நாம் கொண்டாடும் ஓட்டுக்கூரையும் வெள்ளைச் சுவரும் அக்காலத்தில் ஒரு சிறு கூட்டத்தின் சலுகையாக இருந்தன. மரபுரிமை பற்றிய பேச்சில் இதை யாரும் எடுப்பதில்லை. எடுத்திருந்தால், பழைய வீடு ஒன்றின் முன்னால் நிற்கும்போது அதைக் கட்டச் சுமை தூக்கியவன் எந்தக் கூரையின் கீழ் படுத்தான் என்ற கேள்வியும் வந்திருக்கும். 1807-இல் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் வயலை ஏரியாக்கத் தொடங்கியபோது மண் சுமந்தவர்களும் இராஜகாரியம் என்ற கட்டாய உழைப்புக்கு வந்த குடிகளே.

பிரதானிகளுக்கு நகரில் வளவுகள் இருந்தன. அரசனுக்கு அவர்கள் கண்ணெதிரே இருப்பது பாதுகாப்பு. அவர்களுக்கு அரசன் அருகில் இருப்பது செல்வாக்கு. அந்த வளவுகளுக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று பார்த்தாலே நகரத்தின் கதை பாதி விளங்கிவிடும். துனுவில வளவு மாநகர சபை அலுவலகமாயிற்று. துல்லேவ வளவு இருந்த இடத்தில் குயின்ஸ் ஹோட்டல் எழுந்தது. இராஜ வீதியிலுள்ள எஹலேபொல வளவின் கதை மிகக் கொடியது. 1814-இல் பிரதானி எஹலேபொலவின் மனைவியும் பிள்ளைகளும் அரசன் கட்டளையால் கொல்லப்பட்டார்கள். அவர்கள் வாழ்ந்த வீடு பின்னாளில் அரசாங்கத்தின் கைக்குப் போய், இன்று பார்வையாளர் வந்துபோகும் இடமாகியிருக்கிறது. மூன்றும் நிற்கின்றன, அல்லது நின்ற இடம் தெரிகிறது. மூன்றிலும் இன்று அடுப்பெரியும் குடும்பம் இல்லை.

தமிழ் வாசகர் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது மலபார் வீதி. 1739-இல் ஸ்ரீ விஜய இராஜசிங்கன் முடிசூடியதோடு கண்டியில் நாயக்கர் வம்சம் தொடங்கியது. மதுரைப் பக்கத்திலிருந்து அரசிகள் வந்தார்கள், அவர்களோடு உறவினரும் வந்தார்கள். அந்த உறவினருக்கென்று மாளிகையை அண்டித் தனி வீதி ஒதுக்கப்பட்டது. கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் காலத்திலும் அதற்குப் பின்னும் அங்கே தமிழும் தெலுங்கும் ஒலித்திருக்கும். 1815 பெப்ரவரியில் எங்கள் தும்பறைப் பகுதியில், மெதமஹநுவரவுக்கு அருகில், கடைசி அரசன் பிடிபட்டான். மார்ச் 2-ஆம் தேதி கண்டி உடன்படிக்கை கையெழுத்தானது. அடுத்த ஆண்டு அரசனும் அரசிகளும் உறவினரும் கப்பலேற்றப்பட்டு வேலூருக்கு அனுப்பப்பட்டார்கள். 1832-இல் அங்கேயே அரசன் இறந்தான். மலபார் வீதி பெயரோடு நிற்கிறது. அந்த வீதியின் குடிகளை ஒரே வீச்சில் எடுத்துவிட்டார்கள். குடியிருப்பவர்களை அகற்றிவிட்டுப் பெயரை மட்டும் வைத்திருப்பது கண்டிக்கு அன்றே பழக்கமாகிவிட்டது.

ஆங்கிலேயர் காலத்தில் கண்டி வேறொரு நகரமாயிற்று. கோப்பித் தோட்டங்களும், பின்னர் தேயிலையும், 1867-இல் வந்த ரயிலும் அதைத் தோட்டங்களுக்கான சந்தையாக்கின. 1865-இலேயே மாநகர சபை அமைந்துவிட்டது. மலைத் தோட்டங்களுக்கு அரிசி வேண்டும், துணி வேண்டும், கம்பளி வேண்டும், கடன் வேண்டும். இவற்றைக் கொண்டுவந்த செட்டிமார், இந்திய முஸ்லிம் வணிகர், யாழ்ப்பாணத்தவர், சோனகர், மலாயர், சிங்கள முதலாளிகள் எல்லோரும் கொழும்பு வீதியிலும் காசில் வீதியிலும் திருகோணமலை வீதியிலும் கடை போட்டார்கள். திருகோணமலை வீதி இன்று டி.எஸ். சேனாநாயக்க வீதி, வார்ட் வீதி இன்று தலதா வீதி. கீழே கடை, பின்னால் கிட்டங்கி, மேலே குடும்பம் என்ற கட்டட அமைப்பு இந்தக் காலத்தில்தான் வேரூன்றியது. கட்டுக்கலை செல்வ விநாயகர் கோயில், மீரா மக்காம் பள்ளிவாசல், சென் போல்ஸ் தேவாலயம், கடைகளுக்கு நடுவே நிற்கும் கதிர்காம தேவாலயம் எல்லாம் நடந்துபோகும் தூரத்தில் இருப்பதற்கு அந்தக் கலப்புக் குடியிருப்பே காரணம். பஸ் நிலையத்துக்கு அருகிலுள்ள மணிக்கூட்டுக் கோபுரத்தைக்கூட, மகனை இழந்த ஒரு முஸ்லிம் தந்தைதான் 1950-இல் நகரத்துக்குக் கட்டிக் கொடுத்தார்.

அந்தக் கலப்பு இரண்டு தடவை பெரிய அடி வாங்கியது. 1915 மே 28, வெசாக் இரவில், காசில் ஹில் வீதிப் பள்ளிவாசல் அருகே ஊர்வலம் பற்றி எழுந்த தகராறு முஸ்லிம்களுக்கு எதிரான கலவரமாகி நாட்டின் பல பாகங்களுக்குப் பரவியது. 1983 ஜூலை 26 பிற்பகலில் பேராதனை வீதியில் தொடங்கிய தீ, காசில் வீதிக்கும் கொழும்பு வீதிக்கும் வந்தது. தமிழர் கடைகள் எரிந்தன. கடை எரிந்தால் மேலே இருந்த வீடும் எரியும். இந்த வகைக் கட்டடத்தில் இரண்டையும் பிரிக்க முடியாது. பின்னர் கடைகள் பல மீண்டும் திறந்தன. மாடியில் இருந்த குடும்பங்கள் அதே எண்ணிக்கையில் திரும்பவில்லை. வியாபாரத்தை டவுனில் வைத்துக்கொண்டு, பெண் பிள்ளைகளை நகருக்கு வெளியிலோ கொழும்பிலோ இந்தியாவிலோ வைப்பதே புத்தி என்று முடிவு செய்தவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. பழைய கண்டி குடும்பங்களை இழந்ததற்கு வாகன நெரிசலையும் காணி விலையையும் காரணம் காட்டுகிற ஆய்வாளர்கள் இந்த இரண்டு தேதிகளையும் சேர்த்து எழுத வேண்டும்.

எஞ்சியிருக்கும் வீட்டுக்குள் வாழ்க்கை எப்படி? இடம் என்று பார்த்தால் அதைப்போல் வசதி வேறு எங்கும் இல்லை. ஆஸ்பத்திரி, சந்தை, ரயில், பஸ், டி.எஸ். சேனாநாயக்க நினைவு நூலகம், பள்ளிக்கூடங்கள், கோயில் எல்லாவற்றுக்கும் நடந்தே போகலாம். வயதானவர்கள் மாலையில் ஏரியைச் சுற்றி வரலாம். சுற்று சுமார் 3 கிலோமீட்டர். விடியலில் மாளிகையின் மேளமும் பள்ளிவாசல் பாங்கும் கோயில் மணியும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கும். பன்விலயில் இருமலுக்கு மருந்தெடுக்க அரைநாள் செலவழித்த குடும்பத்துக்கு இவ்வளவும் காலடியில் கிடைப்பது எத்தனை பெரிய சௌகரியம் என்பது எங்களுக்குத் தெரியும்.

வீடு மட்டும் மனிதரைச் சோதிக்கும். அகலம் குறைவு, நீளம் அதிகம். இரு பக்கமும் பொதுச் சுவர். வெளிச்சம் முன்பக்கத்திலும் பின்முற்றத்திலும் மட்டும். அந்தப் பின்முற்றத்தையும் கிட்டங்கிக்காகத் தகரம் போட்டு மூடிவிட்டால் நடு அறைகளில் பகலிலும் மின்விளக்கு எரிய வேண்டும். மரப்படி செங்குத்தாக இருக்கும்; முழங்கால் வலி வந்த பாட்டி மேலேயே சிறைப்பட்டுவிடுவாள். குழாயும் மலசலகூடமும் கீழே பின்பக்கம். அரைவட்ட ஓடு வெப்பத்துக்கு நல்லது. ஆனால் வருடத்துக்கு ஒரு தடவையாவது இறக்கித் துடைத்து அடுக்க வேண்டும், அந்த வேலை தெரிந்தவர்களும் குறைந்து வருகிறார்கள். மாளிகைக்குப் பின்னால் உடவத்தகெலே காடு. அங்கிருந்து வரும் குரங்குகள் ஓட்டைப் புரட்டிவிட்டுப் போகும். மழை பெய்தால் ஒழுக்கு, ஒழுக்கால் கைமரம் இற்றுப்போகும், இற்ற மரத்தில் கறையான். நாலு மழைக்காலம் சட்டிகளை வைத்துப் பார்த்த வீட்டுக்காரர் ஐந்தாவது வருடம் ஓட்டைக் கழற்றிவிட்டுத் தகரமோ அஸ்பெஸ்டஸோ போடுகிறார். கீழிருந்து பார்ப்பவர் அதை மரபு தெரியாத செயல் என்கிறார். அந்தக் கூரையின் கீழ் பாயை இழுத்துப் போட்டு மூலைக்கு மூலை நகர்ந்தவருக்கு அது தூக்கம்.

காற்றையும் சொல்ல வேண்டும். கண்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 500 மீட்டர் உயரத்தில், நாலாபுறமும் மலை சூழ்ந்த கிண்ணத்துக்குள் கிடக்கிறது. பஸ்கள் கக்கும் புகை எளிதில் வெளியேறாது. பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக இதை எச்சரித்து வருகிறார்கள். 1872-இல் தொடங்கிய திரித்துவக் கல்லூரி உட்படப் பெரிய பள்ளிக்கூடங்கள் நகரத்துக்குள்ளேயே இருப்பதால் காலையிலும் பள்ளி விடும் நேரத்திலும் வீதிகள் நகர மறுக்கும். 1998 ஜனவரி 25 அன்று தலதா மாளிகை வாயிலில் விடுதலைப் புலிகள் வெடிக்கவைத்த லொறிக் குண்டு பக்தர்களையும் அயலவரையும் கொன்றது, கட்டடங்களைச் சிதைத்தது. அதன் பிறகு மாளிகை முன்னால் செல்லும் வீதி வாகனங்களுக்கு மூடப்பட்டது. அங்கே நடப்பவர்களுக்கு அமைதி கிடைத்தது. வாகனங்கள் முழுவதும் மற்ற வீதிகளுக்குத் திரும்பின. பல ஆண்டுகளாக வாகனச் சத்தத்தோடு சன்னலைச் சாத்தியே வாழ்ந்த குடும்பங்களின் கணக்கை யாரும் எடுத்ததாகத் தெரியவில்லை. ஏரியிலிருந்து நகரின் ஊடே ஓடும் மெத எல கால்வாயும் பல காலம் வீடுகளின் கழிவுநீரைச் சுமந்தது. ஜப்பானிய உதவியோடு கன்னொறுவவில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் அமைந்தது இந்த நகரத்துக்குக் கிடைத்த மிகப் பெரிய வீட்டுவசதி. உலக வங்கி 2014-இல் ஒப்புதல் அளித்த நகர அபிவிருத்தித் திட்டமும் வடிகால், நடைபாதை வேலைகளைத் தொட்டது. அழகுபடுத்தும் வேலைகளைவிட இந்தப் புதைகுழாய்களை நான் மதிக்கிறேன்.

வீடு ஏன் பழுதாகவே கிடக்கிறது என்பதற்குச் சட்டத்திலும் காரணம் உண்டு. 1972-ஆம் ஆண்டின் 7-ஆம் இலக்க வாடகைச் சட்டம் குடியிருப்பவரைத் தெருவில் நிறுத்தாமல் காத்தது. அது நல்ல சட்டம். வாடகையையும் அது பழைய மதிப்பீட்டில் கட்டிப்போட்டது. வாடகைதாரர் இறந்தால் குடும்பத்தவர் தொடரலாம். மாத வாடகை ஒரு மூட்டை சீமெந்துக்குப் போதாத நிலையில் சொந்தக்காரர் ஓட்டை மாற்ற மாட்டார். சொந்தமில்லாத வீட்டுக்கு வாடகைதாரரும் செலவழிக்க மாட்டார். 2002 திருத்தம் புதிய வாடகைகளுக்கு இந்தப் பிடியைத் தளர்த்தியதும் காலியான ஒவ்வொரு மாடியும் அதிக வாடகை தரும் கிட்டங்கியாகவோ அலுவலகமாகவோ டியூஷன் வகுப்பாகவோ மாறியது. இதற்கு மேல் முதுசச் சிக்கல். பாட்டன் உறுதியில் ஒரு கடை. பேரப்பிள்ளைகள் பன்னிரண்டு பேர், நாலு நாட்டில். ஒருவர் கையெழுத்துக்காக விற்பனையும் நிற்கும், பழுதுபார்ப்பும் நிற்கும்.

பிறகு மரபுரிமை விதிகள். 1940-ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம், 1978-இல் வந்த நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம், மாநகர சபையின் கட்டட விதிகள் மூன்றும் இங்கே ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. புனித நகரின் எல்லைக்குள் உயரத்துக்குக் கட்டுப்பாடு, முகப்புக்குக் கட்டுப்பாடு. இந்த விதிகள் வேண்டும் என்றே நான் சொல்வேன். அவை இல்லாதிருந்தால் மாளிகையைச் சுற்றிக் கண்ணாடி மாளிகைகள் எழுந்திருக்கும். என் முறைப்பாடு வேறு. மாடியில் மலசலகூடம் ஒன்று கட்ட விரும்பும் ஓய்வுபெற்ற ஆசிரியரும், பல மாடி வணிகத் தொகுதி கட்டும் கம்பனியும் அதே அலுவலகங்களுக்கே போகிறார்கள். கம்பனிக்குக் கட்டடக் கலைஞர், சட்டத்தரணி, காத்திருக்கப் பணம் எல்லாம் உண்டு. அத்தகைய தொகுதியான கண்டி சிட்டி சென்டர் தலதா வீதியருகே 2005-இல் திறக்கப்பட்டது. சிறு வீட்டுக்காரர் இரண்டு வருடம் அலைந்துவிட்டு வீட்டை விற்றுவிடுகிறார். விதி கட்டடத்தைக் காப்பாற்றுகிறது, குடியிருந்தவர் கையைவிட்டுப் போகிறார். குடியிருப்பவருக்கென்று தனி வழி, குறைந்த கட்டணம், இலவசத் தொழில்நுட்ப ஆலோசனை என்று மூன்றும் இருந்திருந்தால் நகரம் வேறு மாதிரி இருந்திருக்கும்.

எசல பெரஹரா காலம் இந்த வாழ்க்கையின் எல்லா முகங்களையும் ஒரே நேரத்தில் காட்டிவிடும். கும்பல் பெரஹரா ஐந்து நாள், ரந்தோலி பெரஹரா ஐந்து நாள், முடிவில் கெட்டம்பேயில் நீர்வெட்டுச் சடங்கு. நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி என்ற நான்கு தேவாலயங்களின் ஊர்வலமும் மாளிகை ஊர்வலத்தோடு சேரும். விஷ்ணுவும் முருகனும் நம் கண்ணகியும் யானைமேல் வரும் விழா என்பதால் தோட்டத்து மக்களும் பிள்ளைகுட்டிகளோடு இறங்கிவிடுவார்கள். தலதா வீதி, யட்டிநுவர வீதி, கந்த வீதி, டி.எஸ். சேனாநாயக்க வீதி, இராஜ வீதி என்று ஊர்வலம் போகும் வழியில் வீடு வைத்திருப்பவருக்கு அந்தப் பத்து நாளும் வீடு முழுக்க உறவினர். முன் விறாந்தையிலும் சன்னலிலும் ஆசனம் போட்டு விற்றால் கூரைக்குச் செலவழிக்கக் காசு வரும். பிற்பகலிலேயே வீதி மூடப்படும். நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் கூட்டத்தைப் பிளந்து தூக்கிப்போக வேண்டும். இவ்வளவு இடைஞ்சலையும் ஒருவரும் வெறுத்துச் சொல்லி நான் கேட்டதில்லை. தங்கள் வாசலைத் தேடி நாடே வருகிறது என்ற பெருமிதம் அவர்கள் பேச்சில் இருக்கும். 2025 ஏப்ரலில் 16 ஆண்டுகளுக்குப் பிறகு தலதா தரிசனம் பத்து நாள் நடந்தபோது, எதிர்பார்த்ததை மிஞ்சிய கூட்டம் வந்து வீதிகளில் நாட்கணக்காக வரிசையில் நின்றது. நகரவாசிகள் வீட்டுக் கதவைத் திறந்து தண்ணீரும் சோறும் கொடுத்தார்கள். பள்ளிவாசல்களும் யாத்திரிகருக்கு இடம் கொடுத்தன. கதவைத் திறக்க உள்ளே ஆள் இருந்ததால்தான் அது நடந்தது. பூட்டிய கிட்டங்கிகள் யாருக்கும் தண்ணீர் கொடுக்கவில்லை.

மற்ற ஊர்களின் அனுபவம் நமக்குப் பயன்படும். கண்டியோடு அதே 1988-இல் மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த காலிக் கோட்டையில் முஸ்லிம் குடும்பங்கள் தலைமுறையாக வாழ்ந்த வீடுகள் பல, வெளிநாட்டவர் கைக்கும் விடுதிகளாகவும் மாறின. வெளிநாட்டவர் காணி வாங்கினால் 100 சதவீத வரி என்று 2004-இல் அரசு விதித்தது. 2014-இல் அத்தகைய விற்பனையையே தடுக்கும் சட்டமும் வந்தது. அதற்குள் பல வீடுகள் கைமாறிவிட்டன. பினாங்கின் ஜோர்ஜ் டவுன் இன்னும் கூர்மையான பாடம். அங்கே வாடகைக் கட்டுப்பாடு 2000 ஜனவரி 1-ஆம் தேதி முற்றாக நீங்கியதும் பழைய கடைவீடுகளில் தலைமுறையாக இருந்த ஏழைக் குடும்பங்கள் வாடகை தாங்காமல் வெளியேறின. 2008-இல் யுனெஸ்கோ தகுதி வந்தபோது பாதுகாக்க வேண்டிய கைவினைஞர் பலர் ஏற்கெனவே போய்விட்டார்கள். தமிழ் முஸ்லிம்களின் பெயரைத் தாங்கும் சூலியா வீதியிலும் இன்று உல்லாசப் பயணியின் கட்டிலுக்கே இடம். வாடகைச் சட்டத்தைத் தளர்த்தும்போது மாற்று ஏற்பாடு இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை நாம் அங்கிருந்து கற்றிருக்கலாம்.

எனக்கு நம்பிக்கை தந்தது புதுச்சேரி. அங்கே வைசியாள் வீதியில் இன்டாக் என்ற மரபுரிமைப் பாதுகாப்பு அமைப்பினர் வீட்டுக்காரர்களைப் பேசிச் சம்மதிக்கவைத்து, செலவில் பங்கெடுத்து, திண்ணையும் தாழ்வாரமும் கொண்ட முகப்புகளைச் சீர்ப்படுத்தினார்கள். குடும்பங்கள் உள்ளேயே வாழ்ந்துகொண்டிருந்தன. 2008-இல் அந்த வீதிக்கு யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் விருது கிடைத்தது. அதே நகரில் கவனிப்பாரின்றிக் கிடந்த பழைய நகராட்சி மண்டபம் 2014 நவம்பரில் மழையில் சரிந்து விழுந்தது. ஆள் வாழ்ந்த வீதி நின்றது, ஆள் வாழாத மண்டபம் விழுந்தது.

இப்போது பழைய கண்டியில் இரவு தங்குகிறவர்கள் யார்? மாலை ஏழு, எட்டு மணிக்குக் கடைகள் சாத்தப்பட்டதும் இந்த வீதிகள் வெறிச்சோடிவிடும். முதலாளிமார் நகருக்கு வெளியே உள்ள வீடுகளுக்குப் போய்விடுவார்கள். சில வளவுக் குடும்பங்கள், சில முஸ்லிம் குடும்பங்கள், கோயில், தேவாலயப் பணியாளர் எஞ்சுகிறார்கள். அவர்களோடு, கடைகளின் மேல்மாடிகளில் துணிப் பொதிகளுக்கும் அரிசி மூட்டைகளுக்கும் இடையே பாய் விரிக்கும் கடைப் பையன்கள். இவர்களில் கணிசமானோர் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள். பன்வில, மடுல்கெலே, புசல்லாவை, தெல்தோட்டை என்று ஊர் சொல்வார்கள். வீட்டில் மூன்று தலைமுறை படுக்கும் லய அறை, பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதுவும் வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய பழைய கட்டடமே. அதை மரபுரிமை என்று யாரும் சொன்னதில்லை. தோட்ட நாட்சம்பளம் 1,000 ரூபா ஆவதற்கே 2021 வரை போராட வேண்டியிருந்தது. இளைஞன் டவுனுக்கு இறங்குகிறான். சம்பளம், மூன்று வேளைச் சாப்பாடு, மேலே படுக்க இடம் என்பது ஒப்பந்தம்.

அந்த மேல்மாடியில் அவன் வாழும் வாழ்க்கைதான் இன்று பழைய கண்டியின் உண்மையான குடியிருப்பு வாழ்க்கை என்று துணிந்து சொல்வேன். ஒழுகும் ஓட்டை முதலில் அறிகிறவன் அவன். இரவில் கள்ளன் வந்தாலும் தீப்பிடித்தாலும் முதலில் எழுகிறவன் அவன். குளிக்க ஒரு குழாய். துணி காயப்போட வீதிப்பக்கச் சன்னல் கம்பி. சில கடைகளில் பாதுகாப்புக்காக வெளியே பூட்டிவிட்டுப் போகும் வழக்கமும் இருந்திருக்கிறது. மரத்தளமும் துணிப் பொதியும் நிறைந்த கட்டடத்தில் அது எவ்வளவு பெரிய ஆபத்து என்று சொல்லத் தேவையில்லை. போயா நாளில் அவன் ஏரிக்கரையில் உட்கார்ந்திருப்பான், அல்லது கட்டுக்கலைப் பிள்ளையாரிடம் போவான். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பன்வில பஸ்ஸில் பையோடு தொங்குவான்.

அவன் பெயர் வாக்காளர் இடாப்பில் தோட்டத்து லயத்தில் இருக்கிறது. ஆகவே கண்டி மாநகர சபைக்கு அவன் வாக்காளன் அல்லன். வாடகை கட்டாததால் வாடகைச் சட்டத்துக்கு அவன் வாடகைதாரன் அல்லன். கட்டடத்தின் சொந்தக்காரன் அல்லாததால் மரபுரிமைக் கூட்டங்களுக்கு அவனை அழைப்பதில்லை. மூன்று கணக்கிலும் இல்லாத ஒருவன் ஒவ்வொரு இரவும் உலக மரபுரிமை நகரத்தைக் காவல் காக்கிறான். வயது முப்பதானதும் கல்யாணம் செய்தால் மாடியில் இடமில்லை. திரும்ப லயத்துக்குப் போவான், அல்லது வெளிநாட்டு வேலைக்கு. டவுனில் ஓர் அறையைக் குடும்பத்தோடு வாடகைக்கு எடுக்க அவன் சம்பளம் இடம் தராது. பழைய நகரம் புதிய குடும்பங்களைப் பெறாமல் போவது இந்த இடத்தில்தான். பத்து வருடம் அந்த வீதியை அறிந்து, மும்மதத்தாரோடும் பழகி, சிங்களமும் தமிழும் பேசி வளர்ந்த ஓர் இளைஞனைவிடப் பொருத்தமான நகரவாசியை எங்கே போய்த் தேடுவது?

செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. மாநகர சபையும் கிராம உத்தியோகத்தர்களும் சேர்ந்து, கடை மாடிகளில் தங்குவோர் உட்பட, ஒவ்வொரு வீதியிலும் இரவு தங்குகிறவர்களை ஒரு தடவை எண்ணட்டும். ஆட்கள் தங்கும் மேல்மாடிகளுக்கு இரண்டாவது வெளியேறும் வழி, மலசலகூடம், மின்கம்பிப் பரிசோதனை ஆகியவற்றைக் கட்டாயமாக்கி, மரபுரிமை விதிகளோடு மோதாமல் அவற்றைச் செய்துகொடுக்கும் ஒரு தொழில்நுட்பப் பிரிவை நகர அபிவிருத்தி அதிகார சபை வைக்கட்டும். கூரையைப் பழைய ஓட்டிலேயே பழுதுபார்த்து, மேலே ஒரு குடும்பத்தைக் குடிவைக்கும் சொந்தக்காரருக்கு மதிப்பீட்டு வரியில் கழிவு கொடுக்கலாம்.

இடமில்லை என்ற பதிலை ஏற்க முடியாது. 1876-இல் கட்டிய போகம்பறைச் சிறைச்சாலை 2013 முடிவோடு பல்லேகலைக்கு மாறியபின் நகரின் நடுவே விசாலமான நிலம் கிடைத்தது. அதைப் பற்றிய பேச்சில் ஹோட்டலும் கடைத்தொகுதியும் பூங்காவுமே அடிபட்டு வந்திருக்கின்றன. அதில் ஒரு பகுதியை, நகரத்தில் வேலை செய்யும் இளம் குடும்பங்களுக்கு நியாயமான வாடகையில் கொடுக்கும் வீடுகளாக்குமாறு கண்டி மாநகர சபையையும், மலையக மக்களின் வாக்கில் பாராளுமன்றம் போகிறவர்களையும் கேட்டுக்கொள்கிறேன். தோட்டத்தில் ஏழு பேர்ச் காணி கேட்கும் அதே குரலில், டவுனில் ஒரு வீட்டையும் கேளுங்கள்.